வாசித்தால் விளங்குகிறது, விடை மட்டும் பிழைக்கிறது

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தாதியாக வேலை செய்துவிட்டு, திருமணமாகி நோர்வே வந்தேன். இப்போது ஸ்டவாங்கரில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. தாதிக்கான அனுமதி எடுக்க நோர்வேஜிய மொழிப் பரீட்சையின் நான்கு பகுதியிலும் பி2 மட்டம் (பி1க்கு அடுத்தது) வேண்டும். பேச்சும் கேட்டலும் முதலிலேயே கிடைத்துவிட்டன, எழுத்தும் போன தடவை கிடைத்தது. வாசிப்பில் மட்டும் இரண்டு தடவையும் பி1தான். வேலையிடத்தில் அறிக்கைகள் எல்லாம் தினமும் வாசிக்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது சொல் அட்டையில் எழுதிப் பாடமாக்குகிறேன். பரீட்சையில் வாசிக்கும்போது விளங்குகிறது, விடைதான் பிழைக்கிறது. கடைசியில் வரும் நீளமான பகுதிகளுக்கு நேரமும் போதவில்லை. பக்கத்து வீட்டு அக்கா "வாசிப்பெல்லாம் தேவையே இல்லை, பேச்சு இருந்தால் போதும்" என்கிறார். நான் என்ன செய்யலாம்?
— ஸ்டவாங்கர் வாசகி

பதில்:

அன்பின் தங்கச்சி,

பக்கத்து வீட்டு அக்கா சொன்னது அவருடைய தேவைக்குச் சரி. குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவரிடம் 2022 அக்டோபர் 1 முதல் கேட்கப்படுவது பேச்சில் பி1. அவர் அதற்காகப் பரீட்சை எடுத்திருப்பார், அவருடைய அலுவல் அதோடு முடிந்திருக்கும். உங்கள் அலுவல் வேறு. ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியே படித்த தாதியிடம் சுகாதார இயக்குநரகம் பி2 கேட்கிறது. அது கிடைத்த பிறகும் தேசிய பாடங்கள், மருந்து கையாளல் என்று கோர்ஸ்கள் இருக்கின்றன. அங்கே நீங்கள் வாசிக்கப் போவது சட்டமும் விதிமுறையும். ஆகவே இந்த விஷயத்தில் அக்காவின் பேச்சை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள்.

இனி உங்கள் பிரச்சினைக்கு வருவோம். எழுத்தில் பி2 எடுத்தவர் வாசிப்பில் நிற்பதைப் பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். வளர்ந்தோருக்கு மொழி கற்பிக்கும் எனக்கு, முக்கியமாகத் தாதிகள் விஷயத்தில், இது புதிதல்ல. எழுதும்போது சொல்லும் வசனமும் உங்கள் தேர்வு. தெரிந்ததை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். வாசிக்கும்போது தேர்வு இன்னொருவருடையது. அவர் சுற்றி வளைத்துச் சொல்வார், பாதி சொல்லிவிட்டு மீதியை உங்கள் ஊகத்துக்கு விடுவார், சில வேளை நக்கலும் அடிப்பார்.

பி1, பி2 என்ற மட்டங்கள் ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் இருந்து வந்தவை. அதில் வாசிப்புக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பி1 என்றால், அன்றாட வாழ்க்கையிலும் வேலையிலும் அடிக்கடி வரும் மொழியில் எழுதியதை விளங்கிக்கொள்வது. பி2 என்றால், இன்றைய பிரச்சினைகளைப் பற்றிய கட்டுரைகளை, எழுதியவர் என்ன நிலைப்பாட்டில் நிற்கிறார் என்பதோடு சேர்த்து விளங்கிக்கொள்வது. உங்கள் முதியோர் இல்ல அறிக்கையில் என்ன இருக்கும்? இன்ன அறையில் இருப்பவர் இரவு நன்றாகத் தூங்கினார், காலையில் பாதிப் பாண்தான் சாப்பிட்டார், இடது குதிகாலில் சிவந்திருக்கிறது, எண்ணெய் பூசப்பட்டது. நல்ல நோர்வேஜிய மொழிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை எழுதியவர் எதையும் வாதாடவில்லை, யாரையும் குறை சொல்லவுமில்லை. நீங்கள் வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்திருப்பது பி1 வாசிப்பில். அதனால் பி1 வருகிறது. உங்களுக்குக் கெட்டித்தனம் போதாது என்று எங்கேயும் அர்த்தமில்லை.

ஒரு சின்னப் பகுதியைச் சேர்ந்தே வாசிப்போம். நானே எழுதியது, வசதிக்காகத் தமிழில் தருகிறேன். உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒருவர் எழுதிய கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கொம்யூன் என்றால் உள்ளூராட்சி):

"எங்கள் பகுதியின் நீச்சல் மண்டபத்தைக் கொம்யூன் வசந்தத்தோடு மூடப் போகிறது. வார நாட்களில் அங்கே வரும் ஆட்கள் குறைவு என்பது உண்மைதான். கட்டடம் பழையது, திருத்துவதற்கு நிறையப் பணம் வேண்டும். இதை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும், இப்படி ஒரு எண்ணம் இருப்பதே எங்களுக்குத் தெரியவந்தது எல்லாம் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு, அதுவும் பத்திரிகையைப் பார்த்து. பிள்ளைகள் நீந்துவதற்கு வேறு இடம் கிடைக்கும். கொம்யூன் மீதிருந்த நம்பிக்கைக்குத்தான் மாற்று இல்லை."

கேள்வி: எழுதியவர் முக்கியமாக எதைக் கண்டிக்கிறார்? அ) திருத்த வேலைக்கு அதிக பணம் போவதை. ஆ) நீச்சல் மண்டபத்துக்கு ஆட்கள் வராததை. இ) பிள்ளைகளுக்கு நீந்த இடமில்லாமல் போவதை. ஈ) முடிவு எடுக்கப்பட்ட விதத்தை.

விடை ஈ. தமிழில் வாசிக்கும்போது லேசாகத் தெரிகிறது. இதையே நோர்வேஜிய மொழியில், நேரத்தைப் பார்த்துப் பார்த்து வாசிக்கும்போது என்ன நடக்கிறது? கண் தெரிந்த சொல்லைத் தேடுகிறது. பணம், ஆட்கள், பிள்ளைகள், இவை எல்லாம் பகுதியிலும் இருக்கின்றன, விடைகளிலும் இருக்கின்றன. "விதம்" என்ற சொல்லோ "முடிவு" என்ற சொல்லோ பகுதியில் எங்கேயும் இல்லை. அதனால் கை அ, ஆ, இ என்று போகிறது. கேள்வி தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிழையான விடைக்குப் பகுதியிலிருந்தே சொல் எடுப்பார்கள், சரியான விடையை வேறு சொல்லில் எழுதுவார்கள். இந்த மட்டத்தில் சொல்லுக்குச் சொல் பொருந்துகிற விடையைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

இ என்ற விடையில் இன்னொரு பொறியும் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிற எவருக்கும் நீச்சல் மண்டபத்தை மூடினால் முதலில் வரும் கவலை அதுதான். எழுதியவரோ அந்தக் கவலை தனக்கு இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார். நமக்கு நியாயமாகப் படுவதை எழுதியவர் வாயில் போட்டுவிடுகிறோம். என் வகுப்பில் நன்றாக வாசிக்கிறவர்கள்கூட இதில்தான் அதிகம் விழுகிறார்கள். வாழ்க்கை அனுபவம் கூடியவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

இதற்கு நான் சொல்லும் பழக்கம் ஒன்றே ஒன்று. கேள்வியை முதலில் வாசியுங்கள், விடைகளை வாசிக்க வேண்டாம். பிறகு பகுதியை வாசித்துவிட்டு, கேள்விக்கு உங்கள் சொந்த வாக்கில் மனதுக்குள் ஒரு பதில் சொல்லுங்கள், தமிழிலும் சொல்லலாம். "எங்களைக் கேட்காமல் செய்தார்கள் என்று கோபம்." சரி, இப்போது நான்கு விடையையும் பாருங்கள், உங்கள் பதிலுக்குக் கிட்ட எது என்று. வீட்டில் பழகும்போது விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டே செய்யுங்கள். முதலில் எரிச்சலாக இருக்கும், நேரமும் கூடுதலாகப் போகும். பழகினால் நேரம் மிஞ்சும், ஏனென்றால் நான்கு விடைக்கும் பகுதிக்கும் இடையில் கண் ஓடித் திரிவது நின்றுவிடும்.

மேலே உள்ள பகுதியில் "உண்மைதான்", "ஆனாலும்" என்று வந்ததல்லவா? நோர்வேஜிய மொழியில் அந்த இடங்களில் "ரிக்தினொக்", "லீக்கவெல்" என்று வரும். ரிக்தினொக் கண்டால், எழுதியவர் எதிர்ப்பக்கத்தின் நியாயத்தைப் பேச்சுக்கு ஒத்துக்கொள்கிறார், சொந்தக் கருத்து இனிமேல்தான் வரப்போகிறது என்று அர்த்தம். அதே போல "தேரிமூத்" வந்தால் மறுபக்கம் திரும்புகிறார். "நெப்ப" வந்தால், இக்கே என்ற சொல் இல்லாமலே அந்த வசனம் கிட்டத்தட்ட "இல்லை" ஆகிவிடும். "விஸ்த்நொக்", "அன்யீவ்லி" வந்தால், இது மற்றவர்கள் சொல்வது, நான் பொறுப்பில்லை என்று கையை விரிக்கிறார். இப்படிப்பட்ட சொற்கள் மொத்தம் ஒரு முப்பது நாற்பது இருக்கும். நீங்கள் ஒரே நாளில் அட்டையில் எழுதும் அளவுதான். உங்கள் அட்டைப் பெட்டியில் இருக்கும் பெயர்ச்சொற்களில் பாதியைத் தூக்கி அலுமாரியில் வைத்துவிட்டு இவற்றை எடுங்கள். சொல்லையும் கருத்தையும் மட்டும் எழுதிப் பயனில்லை. நீங்கள் எங்கே வாசித்தீர்களோ அந்த முழு வசனத்தையும் எழுதுங்கள்.

பெயர்ச்சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோர்வேஜிய மொழியில் சொற்களை ஒட்டிக்கொண்டே போகலாம் என்பது உங்களுக்குத் தெரியும். "ஆர்பெய்ட்ஸ்மில்யோலூவன்" என்று நீளமாக வந்தால் பயந்து கைபேசியை எடுக்காமல் கடைசித் துண்டில் இருந்து பாருங்கள். லூவன், சட்டம். என்ன சட்டம்? மில்யோ, சூழல். என்ன சூழல்? ஆர்பெய்ட், வேலை. நமக்கு இது கஷ்டமே இல்லை, "நெடுஞ்சாலைப் பராமரிப்புத் திணைக்களம்" என்று எழுதுகிற ஆட்கள் நாம்.

அடுத்தது நேரம். நேரம் போதாததற்குக் காரணம் நீங்கள் மெதுவாக வாசிப்பது அல்ல, இரண்டு தரம் வாசிப்பது என்று நினைக்கிறேன். தமிழில் "போன வருடம் கட்சி நிராகரித்த திட்டம் இப்போது திரும்ப வந்திருக்கிறது" என்கிறோம். நிராகரித்த கதை முதலில், திட்டம் பிறகு. நோர்வேஜிய மொழியில் திட்டம் முதலில் வரும், "சொம்" என்று ஒரு கொக்கி போட்டு நிராகரித்த கதை பின்னால் வரும். நீங்கள் மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டு வாசித்தால், சொம் வரும் ஒவ்வொரு இடத்திலும் கண் அந்தத் துண்டின் முடிவு வரை போய்த் திரும்பி வரவேண்டும். வேலையிட அறிக்கையில் வசனங்கள் குட்டிக் குட்டியாக இருப்பதால் இது உறைக்காது. பி2 கட்டுரையில் வசனத்துக்கு இரண்டு சொம் இருக்கும். அப்போது நேரம் எப்படிப் போதும்?

இதை உடைக்க, தினமும் பத்து நிமிடம் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள், திரும்பிப் போகாமல். ஒரு அட்டையை எடுத்து, வாசித்து முடித்த வரியை மூடிக்கொண்டே கீழே இறங்குங்கள். திட்டம் என்று வந்ததும் மனதில் திட்டம் நிற்கட்டும், பின்னால் வருவது அதன் மேல் ஏறட்டும். விளங்காத வசனம் விளங்காமலே போகட்டும், அடுத்ததற்குப் போங்கள். கொஞ்ச நாள் பாதிதான் பிடிபடும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக் கதவு சாத்தியிருப்பது நல்லது, பிள்ளைகள் உச்சரிப்புத் திருத்த வந்துவிடுவார்கள்.

எதை வாசிப்பது? க்ளார் தாலெ நல்ல பத்திரிகை, எளிய மொழி, வாரம் ஒன்று வரும், ஆனால் அது உங்கள் மட்டத்துக்குக் கீழே. களைத்துப்போன நாளில் மட்டும் அதை எடுங்கள். உங்களுக்கு வேண்டியது கருத்துச் சண்டை. நோர்வேயின் பொது ஒலிபரப்பான என்ஆர்கேயின் தளத்தில் யுத்ரிங் என்ற பகுதி, காசு கட்டாமலே வாசிக்கலாம். ஆராய்ச்சிச் செய்திகளுக்கு ஃபொர்ஷ்க்னிங் தளம். அப்புறம் உங்கள் ஊரின் ஸ்டவாங்கர் ஆஃப்டன்ப்ளாட், அதில் வாசகர் கடிதப் பக்கம். சந்தா கட்ட வேண்டாம், நூலகத்துக்குப் போனால் பத்திரிகைகள் இருக்கும், சோல்வ்பெர்க்கே உங்கள் நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. நோர்வேக்காரர் நேரில் அதிகம் கதைக்க மாட்டார்கள் என்று குறைப்படுகிறோம், அவர்கள் கதைப்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான். பனி வழிக்காத தெரு, மூடப்போகும் பள்ளிக்கூடம், காற்றாலை, ஓநாய், மின்கட்டணம். 2018இல் உங்கள் பக்கத்தில் வாகனங்களிடம் வீதிக் கட்டணம் எடுக்கும் புதிய சுங்க வளையம் வந்தபோது நடந்த சண்டையை வேலையிடத்தில் யாரையாவது கேளுங்கள், அரை மணி நேரம் சொல்வார்கள். இந்தச் சண்டைகள் திரும்பத் திரும்ப வருபவை. யார் எந்தப் பக்கம் நின்று என்ன சொல்வார்கள் என்று பழகிவிட்டால், முன்பின் பார்த்திராத பகுதியிலும் பாதி வழி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு கட்டுரை போதும். முதல் தடவை அகராதி இல்லாமல் வாசித்துவிட்டு ஒரே வசனத்தில் எழுதுங்கள்: இவருக்கு என்ன வேண்டும், யாரோடு கோபம்? பிறகு இரண்டாம் தடவை வாசித்து, எந்த வசனத்தை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கோடிடுங்கள். கோடிட ஒன்றும் அகப்படாவிட்டால் உங்கள் வசனம் பிழை, அதை மாற்றுங்கள். இதற்கெல்லாம் பிறகுதான் அகராதி, அதுவும் நாலைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். லெக்சின் அகராதியில் தமிழும் இருக்கிறது, தொடங்குவதற்கு வசதி. ஆனால் நீங்கள் இருக்கும் மட்டத்துக்கு பூக்மோல் அகராதியையே பாருங்கள், ஒரு நோர்வேஜியச் சொல்லை வேறு நோர்வேஜியச் சொல்லால் விளக்குவது அது. பரீட்சையின் சரியான விடைகளும் அதைத்தானே செய்கின்றன.

இன்னொன்று, உரிமை எடுத்துக் கேட்கிறேன். வீட்டுக்கு வரும் கடிதங்களை யார் வாசிக்கிறார்கள்? நாவ் என்ற அரச தொழில், நலன்புரி அலுவலகம், வங்கி, பாடசாலை, வீட்டுக் கூட்டுறவுச் சங்கம், எல்லாம்? அனேகமாக உங்கள் கணவர். நம் வீடுகளில் முதலில் வந்தவர் கையில் அந்தக் கட்டு போய்விடும், பிறகு திரும்பி வருவதில்லை. இன்றையிலிருந்து அதை நீங்கள் வாங்குங்கள். வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் வருடாந்தக் கூட்ட அறிவித்தல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். வாடகையை ஏன் கூட்டுகிறோம் என்று நிர்வாகக் குழு இரண்டு பக்கத்துக்கு நியாயம் சொல்லியிருக்கும், கீழே ஒரு குடியிருப்பாளர் அதை எதிர்த்து முன்மொழிவு வைத்திருப்பார். பி2 வாசிப்புக்கு இதைவிட நல்ல பாடம் காசு கொடுத்தும் கிடைக்காது. நீங்கள் வாசித்துவிட்டு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குத் தமிழில் சொல்லுங்கள், அவர் பிழை பிடிக்கட்டும்.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. "பரீட்சையில் வந்த கேள்விகள்" என்று சொல்லி விற்கிற கோர்ஸ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். பரீட்சையை நடத்தும் ஹோகோ-டிர் இயக்குநரகத்தின் தளத்திலேயே மாதிரிப் பரீட்சைகள் இலவசமாக இருக்கின்றன. அவற்றை ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டாம், விடை பாடமாகிவிடும். பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு ஒரு தடவை, கடைசிக் கிழமையில் ஒரு தடவை. கணினியில் செய்யுங்கள், கைபேசியில் அல்ல. பரீட்சை கணினியில்தான். நீளமான பகுதியைத் திரையில் மேலே கீழே நகர்த்தி வாசிப்பது, வசனத்தைச் சுட்டியால் இழுத்து அதன் இடத்தில் வைப்பது எல்லாம் கை பழகியிருக்க வேண்டும். அகராதியும் கைபேசியும் அங்கே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

வாசிப்புப் பகுதியின் அமைப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நீங்கள் விடையளிப்பதைப் பொறுத்து, அடுத்து வரும் பகுதிகளின் கடினம் மாறும். ஆகவே ஆரம்பத்தில் வரும் லேசான கேள்விகளை, "இது பி1க்கும் கீழே உள்ள ஏ2 மட்டம்தானே" என்று ஓட்டிவிடாதீர்கள். நேரம் மிச்சம்பிடிப்பதற்காக அங்கே அவசரப்பட்டுத்தான் பலர் நான்கைந்தைக் கோட்டைவிடுகிறார்கள். அறிவித்தல், மின்னஞ்சல், திறக்கும் நேரம் போன்றவற்றில் "தவிர", "முதல்", "வரை" என்று வரும் சின்னச் சொற்களை ஒரு தரம் உறுதிப்படுத்திக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். போகப் போகப் பகுதிகள் கடினமாகினால் பதற வேண்டாம். நன்றாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். ஒரு கேள்வியில் இரண்டு விடைக்கு நடுவே மாட்டிக்கொண்டால், பகுதியின் சொற்கள் குறைவாக இருப்பதைத் தொட்டுவிட்டு நகருங்கள். எதையும் வெறுமையாக விடாதீர்கள்.

பரீட்சைக்கு முதல் நாள் இரவு வேலை முறை இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலில் அது லேசல்ல என்று தெரியும், அதனால்தான் இப்போதே சொல்கிறேன். களைப்பு பேச்சை அவ்வளவு பாதிக்காது, வாசிப்பைப் பாதிக்கும்.

கடைசியாக, எப்போது எழுதுவது. பரீட்சை வருடத்தில் சில தடவைதான் வரும், பதிவு திறந்திருக்கும் நாட்களும் கொஞ்சம், பெரிய நகரங்களில் இடம் சட்டென்று நிரம்பிவிடும். அடுத்த தடவைக்கு இரண்டு மாதம்கூட இல்லை என்றால் விட்டுவிட்டு அதற்கு அடுத்ததை எடுங்கள். கண் திரும்பி ஓடுகிற பழக்கம் சில கிழமையில் போகாது. பதிவு செய்யும்போது வாசிப்பை மட்டும் தெரிவு செய்யுங்கள். ஏற்கெனவே பி2 கிடைத்த மூன்றுக்கும் திரும்பப் பணம் கட்டத் தேவையில்லை. அந்தச் சான்றிதழ்களை இப்போதே தரவிறக்கி ஒரே கோப்பில் போட்டு வையுங்கள், சுகாதார இயக்குநரகத்துக்கு நான்கையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும்.